கையில் எக்ஸிமா, முதுகில் ஏன் பேட்ச் டெஸ்ட்?

கேள்வியைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 51 வயது. கல்யாண சமையல் குழுவில் காய் நறுக்கும் வேலை. மூன்று வருடமாக இரண்டு கை விரல்களும் வறண்டு, வெடித்து, அரிக்கின்றன. மெடிக்கலில் வாங்கிப் போடும் ஆயின்மெண்டில் அடங்குகிறது, விட்டால் திரும்ப வருகிறது. ஒரு லேபில் ரத்தம் கொடுத்ததில் கத்தரிக்காய், துவரம்பருப்பு, பால் என்று நீளமான 'அலர்ஜிப் பட்டியல்' வந்தது. எல்லாவற்றையும் நிறுத்தியும் கை அப்படியே இருக்கிறது. இப்போது தோல் டாக்டர் பேட்ச் டெஸ்ட் செய்யச் சொல்கிறார். ரத்தத்தில் கிடைக்காத காரணம் இதில் கிடைக்குமா, கையில் வியாதி இருக்க முதுகில் ஏன் ஒட்டுகிறார்கள், எத்தனை நாள் வேலை கெடும் என்று மகள் கேட்கிறார்.

செய்துகொள்ளுங்கள். மூன்று வருடமாக விடாத கை எக்ஸிமாவுக்கு இதை மூன்று வருடம் முன்பே செய்திருக்கலாம். ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். எந்தெந்தப் பொருளுக்கு அம்மாவின் உடம்பில் ஒவ்வாமை உருவாகியிருக்கிறது என்று மட்டும்தான் பேட்ச் டெஸ்ட் சொல்லும். கையைக் கெடுப்பது அதுதானா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை அம்மாவின் வேலையில், சமையல்கட்டில், மருந்துப் பையில் இருக்கிறது. அதைத் தேடும் பாதி வேலை உங்களுடையது.

முதலில் அந்த ரத்தப் பட்டியலை ஓரம் கட்டிவிடலாம். சாப்பிட்ட சில நிமிடங்களில் உடம்பு தடிப்பது, மூச்சு இரைப்பது போன்ற உடனடி ஒவ்வாமைக்குக் காரணம் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள். ரத்தத்தில் பார்ப்பது அதைத்தான். தொட்டதால் வரும் எக்ஸிமா வேறு வழியில் வருகிறது. அதை நடத்துவது டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள். அதற்கு ரத்தத்தில் தேட எதிர்ப்பொருளே கிடையாது. சில லேபுகள் ஐஜிஜி என்று இன்னொன்றை அளந்து பெரிய பட்டியல் கொடுக்கின்றன. அது நாம் என்னென்ன சாப்பிடுகிறோம் என்பதைக் காட்டுமே தவிர ஒவ்வாமையைக் காட்டாது. துவரம்பருப்பு தினமும் சாப்பிடும் ஊரில் துவரம்பருப்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சாப்பிட்டதும் தடிப்பு, வாய் வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் எதுவும் எப்போதும் வந்ததில்லை என்றால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அம்மா சாம்பாருக்குத் திரும்பலாம். கை வெடிப்புக்காகப் பருப்பையும் பாலையும் விட்டு உடம்பு மெலிந்து வருபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, முதுகு எதற்கு? ஒரு பொருளின் மிகச் சிறிய மூலக்கூறுகள் தோலுக்குள் இறங்குகின்றன. தோலில் காவலிருக்கும் செல்கள் அவற்றைப் பிடித்து நெறிக்கட்டுக்குக் கொண்டு போகின்றன. அங்கே அந்தப் பொருளை நினைவில் வைத்துக்கொள்ளும் டி செல்கள் உருவாகின்றன. முதல் முறை இதற்குப் பத்து, பதினான்கு நாட்களாவது ஆகும். சிலருக்கு ஒரே பொருளை இருபது வருடம் தொட்ட பிறகும் ஆகலாம். 'இத்தனை வருஷமா பூண்டு உரிக்கிறேனே, இப்பவா வரும்?' என்று அம்மா கேட்டால், இப்போதும் வரும். உருவான பிறகு அந்தச் செல்கள் கையில் மட்டும் தங்குவதில்லை, உடம்பு முழுக்கச் சுற்றுகின்றன. அதனால் எங்கே ஒட்டினாலும் ஒன்று, இரண்டு நாளில் அங்கே ஒரு சிறிய எக்ஸிமா கிளம்பும். முதுகு அகலமானது, தட்டையானது, சொறியக் கை எட்டாது. 1895-இல் யோசப் யாடாசோன் என்ற ஜெர்மன் தோல் மருத்துவர் பாதரசத்தைத் தோலில் ஒட்டிவைத்து இந்த முறையைத் தொடங்கிவைத்தார். இன்றைக்கும் அடிப்படை அதேதான்.

டெஸ்டுக்கு முன்னால் அது எக்ஸிமாதானா என்பது உறுதியாக வேண்டும். உள்ளங்கையில் படர்தாமரை வந்தாலும் வறண்டு செதில் செதிலாகத்தான் இருக்கும். இரண்டு பாதங்களிலும் ஒரே ஒரு கையிலும் இருந்தால் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். கொஞ்சம் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். சொரியாசிஸும் உள்ளங்கையை வெடிக்க வைக்கும். இதையெல்லாம் உங்கள் டாக்டர் பார்த்திருப்பார், நான் நீட்டவில்லை.

நீட்ட வேண்டியது வேறு இடம். கை எக்ஸிமாவில் அதிகம் பேருக்கு முதல் காரணம் ஒவ்வாமையே அல்ல, எரிச்சல். தண்ணீர், சோப்பு, புளி, பச்சைமிளகாய், வெங்காயச் சாறு இவை யார் கையையும் கெடுக்கும், ஒவ்வாமை வேண்டியதில்லை. தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலோ, இருபது முறைக்கு மேல் கழுவினாலோ, காற்றுப் புகாத கையுறையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் போட்டிருந்தாலோ அது 'ஈர வேலை' என்று தொழில் மருத்துவத்தில் ஒரு கணக்கு உண்டு. முகூர்த்த நாளில் அம்மா அந்தக் கணக்கைக் காலை டிபனுக்குள்ளேயே தாண்டிவிடுவார். இப்படி மேல்தோல் பழுதானபின் ஒவ்வாமை தரும் பொருட்கள் உள்ளே போவது சுலபம். அதனால் பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

கையின் எந்த இடம் என்பதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் பார்க்கிற அன்று கை ஆறியிருக்கலாம். விரல் இடுக்குகளில் தொடங்கினால் சோப்பும் ஈரமும். மோதிரத்துக்கு அடியில் என்றால் பெரும்பாலும் அங்கே தங்கும் சோப்பு. புறங்கையில் தொடங்கி மணிக்கட்டில் கோடு போட்டது மாதிரி நின்றால் கையுறை. விரல் நுனிகள் மட்டும் காய்ந்து தடித்து வெடித்தால் பூண்டு. பாடப்புத்தகத்தில் பூண்டு எக்ஸிமா இடது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகளில் வரும் என்று இருக்கும். வலது கையில் கத்தி, இடது கையில் பூண்டைப் பிடிப்பவரை வைத்து எழுதியது அது. அரிவாள்மனையில் உட்கார்ந்து நறுக்குபவருக்கு இரண்டு கையும் காயைத்தான் பிடிக்கிறது, கத்தியை யாரும் பிடிப்பதில்லை. பூண்டு உரிப்பதும் இரு கை விரல் நுனியாலும்தான். அதனால் உங்கள் அம்மாவுக்கு இரண்டு கையிலும் இருப்பதை வைத்துப் பூண்டை விட்டுவிட முடியாது. கத்தியா, அரிவாள்மனையா என்று டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

இனி டெஸ்ட். சிறிய அலுமினியக் கிண்ணங்கள் வரிசையாகப் பதித்த டேப். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு பொருள், பெரும்பாலும் வாசலினில் குறிப்பிட்ட அளவு கலந்தது. அதை மேல்முதுகில் ஒட்டி, பேனாவால் அடையாளம் போட்டு, 48 மணி நேரம் விட்டுவிடுவார்கள். ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது. திங்கள் ஒட்டினால் புதன் எடுத்து ஒருமுறை பார்ப்பார்கள், வெள்ளி இன்னொருமுறை, முடிந்தால் அடுத்த திங்களும். புதனோடு முடித்து அனுப்பும் இடத்தில் செய்துகொள்ளாதீர்கள். இரண்டாவது முறை பார்ப்பதில்தான் இதன் மதிப்பு முழுக்க இருக்கிறது. வெறும் எரிச்சலால் வந்த சிவப்பு எடுத்த பிறகு மங்கிக்கொண்டே போகும், ஒவ்வாமையால் வந்தது ஏறிக்கொண்டே போகும். நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மருந்துகள், சில உலோகங்கள் நாலாம் நாளுக்குப் பிறகுகூட எழும்பும்.

நம் தோல் நிறத்தில் இன்னொரு சங்கதி உண்டு. புத்தகப் படங்களில் இருக்கும் இளஞ்சிவப்பு நமக்குத் தெரியாது. கறுத்தோ, ஊதாவாகவோ, சில சமயம் நிறமே மாறாமலோ இருக்கும். விரலால் தடவிப் பார்த்தால் கெட்டியாக மேடு தட்டுப்படும். முதுகைத் தொட்டுப் பார்க்காமல் எட்ட நின்று 'நெகட்டிவ்' எழுதினால் தடவிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், தப்பில்லை. லேசான சிவப்போடு கொஞ்சம் மேடு என்றால் ஒரு பிளஸ், சின்னக் கொப்புளங்கள் இருந்தால் இரண்டு, அவை சேர்ந்து பெரிதானால் மூன்று. மேடில்லாத வெறும் நிறமாற்றத்துக்குக் கேள்விக்குறி போடுவார்கள்.

இப்போது பிளஸ் வந்த காகிதம் உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான்.

பெண்களுக்கு அதிகம் வருவது நிக்கல். சின்ன வயதில் காது குத்தி கவரிங் தோடு போட்டபோதே பலருக்கு அது உருவாகிவிடுகிறது. கவரிங் போட்டால் காது புண்ணாகும் என்று அம்மா எப்போதோ சொல்லியிருப்பார். அது உண்மையான ஒவ்வாமைதான், ஆனால் பழையது. இன்றைய கை வெடிப்புக்கும் அதற்கும் தொடர்பு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நல்ல எவர்சில்வர் கரண்டியிலிருந்து கைக்கு வரும் நிக்கல் மிகக் குறைவு. சந்தேகமிருந்தால் டைமெத்தில்கிளையாக்சைம் என்ற திரவத்தைப் பஞ்சில் தொட்டு அந்தக் கத்திப்பிடியையோ வளையலையோ தேய்க்கலாம். பஞ்சு இளஞ்சிவப்பானால் நிக்கல் கசிகிறது. அதைப் பார்க்காமல் 'நிக்கல் அலர்ஜி, எவர்சில்வரையே தொடாதே' என்று வீட்டுப் பாத்திரத்தையெல்லாம் தூக்கிப் போட வைப்பது வீண் வேலை.

நியோமைசினுக்கு பிளஸ் வந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். நீங்கள் சொன்ன மெடிக்கல் ஆயின்மெண்ட் எது என்று தெரியவில்லை, ஆனால் நம் ஊரில் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பவற்றில் பல, வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, நியோமைசின் மூன்றும் கலந்தவை. நியோமைசினுக்கு ஒவ்வாமை இருந்தால் அந்த ஆயின்மெண்டே எக்ஸிமாவை வளர்க்கும். அதிலிருக்கும் ஸ்டீராய்டு அதை அமுக்கும். போட்டால் அடங்குகிறது, விட்டால் கிளம்புகிறது என்ற உங்கள் வர்ணனை இதற்கும் பொருந்தும். வெறும் ஸ்டீராய்டுக்கும் அப்படித்தான் இருக்கும் என்பதால் இதை வைத்து முடிவு கட்ட முடியாது. அதற்குத்தான் டெஸ்ட். நியோமைசினுக்கு ஆகாதவருக்குப் பிராமைசெட்டினும் பெரும்பாலும் ஆகாது, இரண்டும் ஒரே குடும்பம். இந்தியாவில் பேட்ச் டெஸ்டுக்கு வழக்கமாக ஒட்டும் பொருட்களின் தொகுப்பில் இருக்கும் நைட்ரோபியூரசோன் என்ற புண் மருந்துக்கும் இங்கே கணிசமானவர்களுக்கு ஒவ்வாமை வருகிறது.

தையூரம், கார்பமேட், மெர்காப்டோ என்று தொடங்கும் பெயர்களில் பிளஸ் வந்தால் ரப்பர். கையைக் காப்பாற்றப் போட்ட கையுறையே கையைக் கெடுத்த கதை. ரப்பர் பாலில் இருக்கும் புரதத்துக்கு வரும் ஒவ்வாமை வேறு, அது உடனே தடிப்பாக வரும். இது ரப்பரைக் கெட்டியாக்கச் சேர்க்கும் ரசாயனங்களுக்கு வருவது. சாதாரண நைட்ரில் கையுறைகளிலும் இந்த ரசாயனங்களில் சில இருக்கும். 'லேடெக்ஸ் இல்லை' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, இவை சேர்க்காதது அல்லது வினைல் கையுறை பார்த்து வாங்க வேண்டும்.

மெத்தில்ஐசோதயசோலினோன் என்று வாயில் நுழையாத ஒன்று வந்தால் பாத்திரம் கழுவும் திரவம், கை கழுவும் சோப்புத் திரவம், ஷாம்பு, சுவர் பெயின்ட் எல்லாவற்றின் லேபிளையும் படியுங்கள். கெடாமலிருக்கச் சேர்ப்பது இது. ஐரோப்பாவில் இதனால் ஒவ்வாமை பெருகி, தடவி அப்படியே விடும் கிரீம்களில் 2017-இல் தடை செய்துவிட்டார்கள். பழைய தொகுப்புகளில் இது இல்லாமல் இருக்கலாம், சேர்த்து ஒட்ட முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பிபிடி என்ற சாய ரசாயனம் வந்தால் ஹேர் டை. அம்மா தனக்குப் போடாவிட்டாலும் அப்பாவுக்கு வெறும் கையால் தடவிவிடுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

இங்கே பரவலாக ஒட்டப்படும் இந்திய ஸ்டாண்டர்டு தொகுப்பில் ஏறக்குறைய இருபது பொருட்கள் இருக்கும். வயலோரம் வளரும் பார்த்தீனியம்கூட உண்டு. ஆனால் பூண்டு வழக்கமாக அதில் இருக்காது. காய் நறுக்கும் பெண்ணுக்கு வழக்கமான தொகுப்பை மட்டும் ஒட்டி, ஒன்றுமில்லை என்று அனுப்பினால் அந்த டெஸ்ட் பாதிதான் நடந்திருக்கிறது. பூண்டில் ஒவ்வாமை தருவது டைஅல்லைல் டைசல்ஃபைட். அதை 1 சதவீதம் வாசலினில் கலந்து ஒட்ட வேண்டும், சில மையங்களில் சொல்லிவைத்தால் கிடைக்கும். தயவுசெய்து வீட்டில் பச்சைப் பூண்டை நசுக்கித் தோலில் வைத்துப் பார்க்காதீர்கள். ஒவ்வாமை இல்லாதவருக்கும் அது தீக்காயம் மாதிரி வெந்துவிடும்.

பூண்டுதான் என்று தெரிந்தால், சாதாரண மெல்லிய கையுறையை அந்தப் பொருள் ஊடுருவிவிடும், நைட்ரில் கொஞ்சம் பரவாயில்லை. என்னைக் கேட்டால், குழுவில் சொல்லி பூண்டு உரிப்பதை வேறொருவருக்கு மாற்றி, அம்மா வாழைக்காயையும் பீன்ஸையும் எடுத்துக்கொள்வது எந்தக் கையுறையையும் விட மேல். குழம்பில் வெந்த பூண்டைச் சாப்பிடுவது பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு செய்வதில்லை.

பச்சைக் காயையோ, மீனையோ, மாவையோ தொட்ட அரை மணி நேரத்துக்குள் அரிப்பும் தடிப்பும் வருகிறது என்றால் பேட்ச் டெஸ்ட் பெரும்பாலும் நெகட்டிவாகவே வரும். உணவின் புரதத்துக்கு வரும் எக்ஸிமா அது. 1976-இல் டென்மார்க்கில் சமையலறைத் தொழிலாளர்களிடம் இதைக் கவனித்து எழுதினார்கள். அதற்கு அந்தப் பச்சைப் பொருளையே வைத்து முன்கையில் லேசாகக் குத்திப் பார்க்கும் பிரிக் டெஸ்ட் தேவை. தொட்டு எவ்வளவு நேரத்தில் அரிக்கிறது என்பதை ஒரு வாரம் கவனித்துக் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பெரிய உதவி.

போகும்போது ஒரு பையில் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். இதுவரை போட்ட ஆயின்மெண்டுகள், வேப்பெண்ணெய், மஞ்சள் கலந்த நாட்டு மருந்து, கைக்குத் தடவும் கிரீம், கையுறை, பாத்திர சோப்பின் உறை, ஹேர் டை பாக்கெட். தடவி விடும் கிரீமை அப்படியே ஒட்டலாம். கையுறையை ஒரு துண்டு வெட்டி ஒட்டலாம். சோப்பையும் பவுடரையும் அப்படியே ஒட்டக் கூடாது, யாருக்கும் புண்ணாகும். ஒரு கிரீம் மேல் சந்தேகம் தீராவிட்டால் முழங்கை மடிப்பில் ஒரே இடத்தில் தினம் இரண்டு வேளை ஒன்றிரண்டு வாரம் தடவிப் பார்க்கலாம், இதை வீட்டிலேயே செய்யலாம்.

அம்மாவின் தொழில் வேறாக இருந்தால் நான் கேட்கும் கேள்விகளும் வேறாக இருக்கும். பூக்கட்டுபவர் என்றால் சாமந்தி. பார்த்தீனியத்தில் ஒவ்வாமை தரும் அதே வகைப் பொருள் அதிலும் உண்டு. கொத்தனார் என்றால் சிமெண்டில் இருக்கும் குரோமியம். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையிலும் அதுவே. ஐரோப்பிய நாடுகள் 2005 முதல் சிமெண்டில் கரையும் குரோமியத்தைப் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்குள் கட்டுப்படுத்தின, அங்கே கொத்தனார்களின் குரோமியம் ஒவ்வாமை குறைந்தது. முந்திரி உடைப்பவர்களுக்கு ஓட்டு எண்ணெயே தோலை எரித்துவிடும், அங்கே டெஸ்டுக்கு அவசரமில்லை, கையை மறைக்க வழி தேட வேண்டும்.

எல்லாமே நெகட்டிவ் என்று வந்தால் பணம் போச்சே என்று நினைக்க வேண்டாம். சரியான பொருட்களை ஒட்டி, இரண்டு முறை பார்த்து வந்த நெகட்டிவ் என்றால், ஈரத்தையும் சோப்பையும் குறைத்து மருந்து போடுவதில் முழுக் கவனமும் வைக்கலாம். காரணம் கிடைத்து விலக்கினாலும் அடுத்த வாரமே கை பளிச்சென்று ஆகாது. வெளியே ஆறின மாதிரி தெரிந்த பிறகும் தோல் பழைய வலுவுக்கு வர நான்கைந்து மாதம் பிடிக்கும். அதுவரை வாசலின் மாதிரி வாசனையில்லாத களிம்பை ஒவ்வொரு முறை கழுவிய பிறகும் தடவ வேண்டும்.

மாத்திரை விஷயம். அரிப்புக்குப் போடும் செட்ரிசின் போன்றவை இந்த டெஸ்டைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளும் பிளஸை மறைத்துவிடக்கூடும். ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்தவே கூடாது. எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டுத்தான். முதுகில் ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே ஸ்டீராய்டு கிரீம் எதுவும் தடவ வேண்டாம். கை ரொம்பக் கொதித்துக்கொண்டிருக்கும் சமயத்திலும், முதுகிலேயே எக்ஸிமா இருக்கும்போதும் ஒட்டக் கூடாது. தோல் மொத்தமும் கோபத்தில் இருந்தால் எல்லாக் கிண்ணத்துக்கும் பிளஸ் காட்டும். பிளஸ் வந்த இடம் சில வாரம் அரிக்கலாம், கறுப்புத் தழும்பு மாதக் கணக்கில் தங்கலாம். டெஸ்டாலேயே புதிதாக ஒவ்வாமை உருவாவது அபூர்வம்.

வேலை கெடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். ஒட்டியிருக்கும் இரண்டு நாளும் முதுகு நனையக் கூடாது, வேர்க்கக் கூடாது, அண்டா தூக்கக் கூடாது. பேனா அடையாளம் அழியாமல் கடைசி நாள் வரை காப்பாற்ற வேண்டும், டேப்பை எடுத்த பிறகும் முதுகைத் தேய்க்கக் கூடாது. மை ஒட்டும் என்பதால் பழைய தளர்ந்த ஜாக்கெட்டைப் போடச் சொல்லுங்கள். அடுப்புப் பக்கத்தில் நிற்கும் வேலைக்கு அந்த ஒரு வாரம் லீவு சொல்வதுதான் நல்லது. சித்திரை, வைகாசி வெயிலில் ஒட்டினால் பாதிக் கிண்ணங்கள் வியர்வையில் கழன்று விழும், முகூர்த்தமும் போகும். ஆடியில் முகூர்த்தம் இருக்காது, ஆனால் புழுக்கம் இருக்கும். மார்கழியில் இரண்டு தொல்லையும் இல்லை, அப்போது ஒரு திங்கட்கிழமைக்கு இப்போதே நேரம் வாங்கிவிடுங்கள். மார்கழி அதிகாலையில் தலைக்குக் குளிக்கும் வழக்கம் அம்மாவுக்கு இருந்தால், முந்தைய நாள் ஞாயிறோடு அதை அந்த வாரத்துக்கு நிறுத்திக்கொள்ளட்டும்.